நித்திரைக் கலக்கம் மட்டுந்தானா?

மரக்கறி லொறியொன்று மதகில் மோதினால் அடுத்த நாள் செய்தியை நாங்களே எழுதித் தந்துவிடலாம். 'சாரதியின் நித்திரைக் கலக்கமே விபத்துக்குக் காரணம் எனப் பொலிஸார் தெரிவித்தனர்.' அவ்வளவுதான். அந்த மனுசன் ஏன் நித்திரை கொள்ளேல்லை எண்டு ஆரும் கேட்கிறதில்லை. நாங்களும் 'ஐயோ பாவம்' எண்டு கொமென்ற் போட்டிட்டுப் போயிடுறம்.

யாழ்ப்பாணத்திலிருந்து தம்புள்ளைக்கு ஏ9 வழியாகச் சுமார் 250 கிலோமீற்றர். இங்கயிருந்து பீற்றூட், வாழைக்குலை. அங்கயிருந்து கரட், லீக்ஸ், கோவா. பகல் போய், இரவு இறக்கி, திரும்ப ஏத்தி, விடியமுதல் திருநெல்வேலிச் சந்தையில நிக்கவேணும். இதில ஸ்ரியறிங்கைப் பிடிக்கிறது லேசான வேலை. பாரம் தலைக்குள்ளதான். பிந்தினால் விலை விழும். காலமை இருந்த விலை மத்தியானம் இருக்காது. தார்ப்பாய்க்குக் கீழ சூடேறினால் லீக்ஸ் வாடிப்போகும். முதலாளி 'எங்க நிக்கிறாய்?' எண்டு கோலுக்கு மேல கோல். மறிக்கிற பொலிஸுக்குச் சிங்களத்தில பதில் சொல்லவேணும். ஓமந்தை தாண்டினால் இருட்டுக்குள்ள கட்டாக்காலி மாடுகள். பக்கத்தில கிளீனர் நல்ல நித்திரை. (அவனைக் குறை சொல்லேலாது, மூட்டை முழுக்க ஏத்தினது அவன்தான்.)

விமானிகள் போன்றவர்களின் மனச்சுமையை அளக்க நாசா 1980களில் ஆறு கேள்விகள் கொண்ட அளவுகோலொன்றை உருவாக்கியது. மூளைக்கு எவ்வளவு வேலை, உடம்புக்கு எவ்வளவு, நேர நெருக்கடி எவ்வளவு, செய்த வேலை சரிவந்ததா, அதுக்கு எவ்வளவு முயற்சி, எவ்வளவு எரிச்சல்? விடியப்புறம் மூண்டு மணிக்கு முறிகண்டியில் கற்பூரம் கொளுத்திப்போட்டு நிக்கிற ட்றைவரிட்ட இந்த ஆறையும் கேட்டுப்பாருங்கோ.

24 மணித்தியாலம் முழிச்சிருக்கிறவரின்ர மூளை, இரத்தத்தில் 0.10 வீதம் மதுசாரம் உள்ளவரின்ர மூளை மாதிரித் தடுமாறும் எண்டு 1990களிலேயே ஆய்வுகள் காட்டிவிட்டன. அந்தளவு குடிச்சவனைப் பொலிஸ் பிடிக்கும். பலூன் ஊதச் சொல்லுறவை, 'அண்ணை, கடைசியா எப்ப படுத்தனீங்கள்?' எண்டு கேட்டதை நாங்கள் ஒருநாளும் காணேல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் நாலரை மணித்தியாலம் ஓட்டினால் 45 நிமிசம் நிப்பாட்டியே ஆகவேணும். எங்கட ட்றைவருக்கு நடைக்கு இவ்வளவு எண்டு கூலி. நிப்பாட்டினால் அடுத்த நடை போச்சு. அப்ப அவரை நித்திரை கொள்ளவிடாமல் வைச்சிருக்கிறது அந்தக் கூலி முறைதானே?

'இதெல்லாம் பார்த்தால் மரக்கறி விலை கூடும்' எண்டு முதலாளிமார் சொல்லுவினம். கூடட்டும். இப்பவும் அந்தக் காசை ஒருத்தர் குடுத்துக்கொண்டுதான் இருக்கிறார், தன்ர நித்திரையால. நடைக்கூலியை மாத்தி மாதச் சம்பளம் குடுங்கோ. நீண்டதூர லொறிக்கு ரெண்டாவது ட்றைவரைப் போடுங்கோ. சந்தைகளில ஒரு மணித்தியாலம் சரிஞ்சு படுக்க இடமும், கழுவிவிட்ட கக்கூஸும் கட்டுங்கோ.

செய்தி எழுதுற நண்பர்களே, அடுத்தமுறை அவர் எத்தனை மணித்தியாலம் முழிச்சிருந்தவர், கடைசிக் கோல் எடுத்தது ஆர் எண்டும் விசாரிச்சு எழுதுங்கோ.