போலியும் பிரதியும்

மூலம் ஒன்றே கலை, பிரதி யாவும் போலி என்றொரு மனோபாவம் நமது கற்றோர் மத்தியில் வேரூன்றியுள்ளது. நூதனசாலைப் பேழையின் அடியில் ‘பிரதி’ என்ற சொல்லைக் கண்டதும் முகஞ்சுளித்து அப்பால் நகர்வதே உயர்ந்த இரசனையின் அடையாளமாகக் கருதப்படுகிறது. இது இரசனையன்று, கைவினைஞனின் உழைப்பை இழிவாக நோக்கும் பழைய மேட்டிமையின் புதிய வேடமே என்பதை எடுத்துக்காட்டுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

உரோமானியரின் மொசைக் தளங்களை முதலில் நோக்குவோம். கி.பி. 79இல் எரிமலைச் சாம்பலில் புதைந்த பொம்பேயி நகரின் மாளிகையொன்றில், அலெக்சாந்தரும் பாரசீக மன்னன் தாரியசும் பொருதும் காட்சி பன்னிறக் கற்சில்லுகளால் தரையிற் பதிக்கப்பட்டிருந்தது. 1831இல் வெளிப்பட்ட அத்தளம் 1843இல் பெயர்க்கப்பட்டு நேப்பிள்ஸ் நூதனசாலைக்குக் கொண்டுசெல்லப்பட்டது. இரவென்னா நகரக் கலைஞர்கள் இருபத்திரண்டு மாதங்கள் உழைத்து உருவாக்கிய பிரதி, 2005இல் பழைய இடத்திற் பதிக்கப்பட்டது. இதனைப் போலி என்போர் ஒன்றை மறந்துவிடுகின்றனர். நேப்பிள்சிலுள்ள ‘மூலமே’ அதற்கு முந்திய கிரேக்க ஓவியமொன்றின் பிரதி என்பதே அறிஞர் பலரின் கருத்து. அவ்வோவியம் அழிந்துவிட்டது; பிரதி எஞ்சியது. அப்பிரதியையே இன்று உலகம் மூலமென்று போற்றுகின்றது!

இங்கிலாந்தின் வூட்செஸ்டர் என்னும் ஊரில் ஓர்பியசின் உருவம் பொறித்த உரோமானியப் பெருந்தளமொன்று தேவாலய முற்றத்து மண்ணின் கீழ் உறங்குகின்றது. பாதுகாப்புக் கருதி மண்ணால் மூடப்பட்டுள்ள அது, இறுதியாகத் திறந்து காட்டப்பட்டது 1973இல். கட்டடத் தொழில் செய்த சகோதரர் இருவர் ஏறத்தாழப் பத்தாண்டுகள் உழைத்து, பதினைந்து இலட்சத்துக்கு மேற்பட்ட சில்லுகளைக் கொண்டு அதனை முழு அளவிற் பிரதிசெய்தனர். மூலம் மண்ணுள் நலமாயிருக்கிறது. மக்களும் அதன் வடிவத்தைக் கண்டனர். இதில் யார் ஏமாற்றப்பட்டார்?

இத்தகைய பிரதி வெறும் பொம்மையன்று; அதுவே ஓர் ஆய்வு. சில்லு எத்திசையில் வரிசையாக ஓடவேண்டும், உருவத்தின் விளிம்பை எவ்வாறு வளைத்துச் செல்லவேண்டும், முகத்தின் நிழலுக்கு எத்துணைச் சிறிய கல் வேண்டும், சாந்து இறுகுமுன் எவ்வளவு பரப்பைப் பதித்து முடிக்கலாம் என்னும் வினாக்கள் கையாற் செய்து பார்ப்பவனுக்கே எழுகின்றன. மேசையருகே அமர்ந்து நூல் எழுதுவோனுக்கு அவை எழுவது அரிது.

இவை மேனாட்டார் விவகாரம் என ஒதுக்கிவிடலாகாது. கண்டி நாட்டுக் கைவினைகளை ஆராய்ந்து ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட பெருநூல் நமக்கு எதனை உணர்த்துகின்றது? அக்கைவினைஞர் தந்தையிடமிருந்தும் குருவிடமிருந்தும் பெற்ற வடிவங்களையே மீண்டும் மீண்டும் வரைந்தனர், செதுக்கினர். தனித்துவம் என்ற இக்கால மயக்கம் அவர்களுக்கிருக்கவில்லை. மீளச் செய்தலே அவர்களது மரபு. அதனாலேயே அம்மரபு வாழ்ந்தது.

1998 சனவரி 25இல் விடுதலைப் புலிகள் நிகழ்த்திய குண்டுத் தாக்குதலில் தலதா மாளிகையின் முகப்பு சிதைந்தது, உயிர்களும் பலியாயின. கல்லும் கூரையும் சுவரும் கைவினைஞரின் கரங்களால் மீண்டும் எழுந்தன. அவ்வாயிலினூடே செல்லும் அடியார் எவரும் அதனைப் போலி என்று ஒதுக்கியதில்லை. சிதைவின் நிழற்படங்களோ அங்குள்ள நூதனசாலையில் வைக்கப்பட்டுள்ளன. காயத்தை ஆற்றுவதும் காயம்பட்டதை மறைக்காதிருப்பதும் ஒருங்கே இயலும் என்பதற்கு இதனினும் அண்மையிலுள்ள சான்று வேண்டுமோ?

தமிழராகிய நாம் பிரதியை இகழ்வது நன்றிகேடும் ஆகும். சங்கப் புலவன் தன் கையால் எழுதிய ஓலை ஒன்றேனும் நம்மிடம் உண்டா? செல்லரித்த ஏட்டைப் புதிய ஏட்டிற் பெயர்த்தெழுதிய, பெயர் தெரியாத எழுத்தாளர்களின் தொடர்ச்சியான உழைப்பாலன்றோ நம் இலக்கியம் பிழைத்தது? சி. வை. தாமோதரம்பிள்ளை 1887இல் கலித்தொகையைப் பதிப்பித்தபோது அவர் கையிலிருந்தவை பிரதிகளின் பிரதிகளே. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. கட்டடத்தை மீண்டும் எழுப்ப முடிந்தது. படியெடுக்கப்படாத ஏட்டை எவராலும் மீண்டும் எழுப்ப முடியாது.

போலி என ஒன்று இல்லையென்று நாம் வாதிடவில்லை. விடுதி வாயிலிற் சீமெந்தால் வார்த்த சந்திரவட்டக்கல்லைப் பதித்துப் பழைமை வேடம் புனைவது போலி. பழஞ்சுவரின் மீது புதுவர்ணம் பூசி, அடியிலிருந்த ஓவியத்தை அழித்துவிட்டுத் ‘திருப்பணி’ என்று பறைசாற்றுவது போலியினும் கொடிது. போலி தன்னை மறைக்கும். பிரதி தன்னை அறிவிக்கும். போலி மூலத்தின் இடத்தைப் பறிக்கும். பிரதி மூலத்தைக் காக்கும். வேறுபாடு கல்லில் இல்லை, நேர்மையில் உண்டு.

இனி நமது கடமைக்கு வருவோம். பேராதனைக்கு அணித்தாய் உடுநுவரையில் உள்ளது இலங்காதிலக விகாரை. நான்காம் புவனேகபாகு மன்னன் காலத்தில், 1344இல் அதற்கு வழங்கப்பட்ட கொடைகளைக் கூறும் சாசனம் அங்குள்ள பாறையிற் சிங்களத்திலும் தமிழிலும் பொறிக்கப்பட்டுள்ளது. ஒரு பௌத்த விகாரையின் அறக்கொடையை இருமொழியிலும் அறிவிப்பது இயல்பென ஒரு காலம் கருதியது என்பதற்குப் பாறையே சாட்சி. இவ்வளாகத்திற் பட்டம் பெற்றுச் செல்லும் மாணவருள் அதனைக் கண்டோர் எத்தனை பேர்?

அதன் முழு அளவுப் பிரதியொன்று இப்பல்கலைக்கழக வளாகத்தில் நிறுவப்படவேண்டும். பல கோணங்களில் எடுத்த நிழற்படங்களைக் கணினியிற் பொருத்தி, பாறையைத் தீண்டாமலே அளவெடுக்கும் முறை இன்றுண்டு. விகாரையினதும் தொல்பொருளியல் திணைக்களத்தினதும் அனுமதியைப் பெற்று, சிங்கள மாணவரோடு இணைந்து, கல்தச்சர் ஒருவரின் உளியால் அது செதுக்கப்படட்டும். அடியில் ‘இது பிரதி’ என்றும், செதுக்கியவர் பெயர் இன்னதென்றும் இருமொழியிலும் பொறிக்கப்படட்டும். பணம் எங்கே என்று கேட்போருக்கு ஒரு சொல்: ஓரிரவுக் கலைவிழாவின் பந்தலுக்கும் ஒலிபெருக்கிக்கும் பணம் தேடத் தெரிந்த நமக்கு, அறுநூற்றெண்பது ஆண்டுகளைக் கடந்த ஒரு சாட்சிக்குப் பணம் தேடத் தெரியாதா?

அப்பிரதியைப் போலி என்று நகைப்போர் நகைக்கட்டும். முதலில் அவர்கள் அதிலுள்ள எழுத்தை வாசிக்கக் கற்றுக்கொள்ளட்டும்.