தேடல் முடிவுகளின் பக்க வரிசையும் ஆய்வுத் தரவின் நம்பகமும்

இணையத் தரவகங்களிலிருந்து சொல்லாட்சிகளைத் திரட்டி, அவற்றின் அடிப்படையில் முடிவு கூறும் போக்கு தமிழாய்வில் பெருகி வருகிறது. தமிழ் விக்கிமூலம் போன்றவை தம் தரவுகளை மனிதர் படிக்கும் பக்கங்களாக மட்டுமன்றி, ஏ.பி.ஐ. எனப்படும் நிரல் இடைமுகத்தின் வழியாகவும் வழங்குகின்றன. ஆய்வாளர் எழுதும் சிறு நிரல் ஒன்று தேடுசொல்லை அனுப்ப, முடிவுகள் பகுதி பகுதியாக வந்து சேர்கின்றன. வந்தவற்றை எண்ணி, ‘இச்சொல் இத்தனை இடங்களில் பயில்கிறது’ என்றோ ‘இத்தொகுப்பில் இச்சொல் இல்லை’ என்றோ எழுதுவது எளிதாகிவிட்டது. அப்பகுதிகள் எவ்வாறு வந்தன, எல்லாம் வந்து சேர்ந்தனவா என்னும் வினா மட்டும் எழுப்பப்படாமலே போவதுண்டு.

விக்கிமூலம் இயங்கும் மீடியாவிக்கி மென்பொருளின் தேடல் இடைமுகம், தனியே கேட்காதவரை, ஒரு வேண்டுகைக்குப் 10 முடிவுகளையே தருகிறது. கேட்டால், பொதுப் பயனருக்கு 500 வரை தரும். எஞ்சியவை இருப்பின், அடுத்த வேண்டுகை எந்த இடத்திலிருந்து தொடங்க வேண்டும் என்பதைச் சுட்டும் எண் ஒன்றும் விடையோடு சேர்ந்து வரும். ‘ஆஃப்செட்’ எனப்படும் அவ்வெண்ணை மீண்டும் அனுப்பினால்தான் அடுத்த பகுதி கிடைக்கும். இதனை அறியாது முதல் விடையோடு நின்றவர் கையில் இருப்பது தொகுப்பன்று. அதன் முகப்பு மட்டுமே. தேடல் முதன்மைப் பெயர்வெளியோடு நின்றுவிடுவதும் அத்தகையதே. மெய்ப்புப் பார்க்கப்படும் மூலப் பக்கங்கள் ‘பக்கம்’ என்னும் வேறொரு பெயர்வெளியில் உள்ளன. அதனைக் குறிப்பிட்டுக் கேட்டாலன்றி அவை தேடலுக்கு அகப்படா. ஆயினும் இவையிரண்டும் ஆவணங்களைப் படித்தால் நீங்கும் குறைகள். படித்தபின்னும் நீங்காத குறையே ஆய்வுக்குப் பெரும் இடர்.

200 முடிவுகள் உள்ள ஒரு தேடலை 50 ஐம்பதாகப் பெறுவதாகக் கொள்வோம். முதல் ஐம்பது வந்தபின், அவற்றுள் 20ஆவது பக்கம் விக்கிமூலத்திலிருந்து நீக்கப்படுகிறது. உடனே பட்டியல் ஓரிடம் மேலேறுகிறது. 51ஆவதாக இருந்தது 50ஆவதாகிறது. இரண்டாம் வேண்டுகையோ முதல் ஐம்பதைக் கடந்து தொடங்குவதால், முன்பு 52ஆவதாக இருந்ததே முதலில் வருகிறது. பழைய 51ஆவது முடிவு எந்தப் பகுதியிலும் வருவதில்லை. பக்கம் ஒன்று புதிதாக மேலே சேர்ந்தால் இதற்கு மாறாக, ஒரு முடிவே இருமுறை வரும். இதனை ஒப்பிட்டுக் களையலாம். விடுபட்டதை அவ்வாறு காண இயலாது. இன்னும் நுட்பமான சிக்கல் எண்ணிக்கையில் உள்ளது. மேற்கண்ட எடுத்துக்காட்டில் ஆய்வாளர் பெற்றவை 199. இறுதி விடையில் இடைமுகம் கூறும் மொத்தமும் 199. இரு எண்களும் பொருந்துவதால் தரவு முழுமையானது என்றே தோன்றும். உண்மையில் அதில் இல்லாத ஒன்று இருக்கிறது. இருக்கும் ஒன்று இல்லை.

நீக்கமும் சேர்க்கையும் அரிதாகவே நிகழும் என்று இதனை ஒதுக்குவதற்கில்லை. வேறு வரிசை கேட்கப்படாதபோது முடிவுகள் பொருத்தப்பாட்டு மதிப்பெண்ணின்படி அடுக்கப்படுகின்றன. எழுத்துணரியால் பெறப்பட்ட பாடத்தை ஒருவர் திருத்தினாலே அப்பக்கத்தின் மதிப்பெண் மாறக்கூடும், பக்கம் இடம்பெயரக்கூடும். விக்கிமூலத்தின் அன்றாடப் பணியே அத்தகைய திருத்தம்தான்.

பதிப்பியல் பயின்ற தமிழறிஞர்க்கு ஏடு விடுபடுதல் புதிய செய்தியன்று. உ.வே. சாமிநாதையர் 1894இல் புறநானூற்றை வெளியிட்டபோது 267, 268 ஆகிய பாடல்கள் கிடைக்கவில்லை. ஐங்குறுநூற்றில் 129, 130 இல்லை. பதிற்றுப்பத்தின் முதற்பத்தும் இறுதிப்பத்தும் இல்லை. இவை இல்லை என்பதை இன்று மாணவரும் அறிவர். அதற்குக் காரணம் அப்பாடல்கள் எண்ணால் கட்டப்பட்டிருந்தமை. இடையில் எண் அறுந்தால் இழப்பு வெளிப்பட்டுவிடும். தேடல் முடிவுக்கு அத்தகைய நிலையான எண் இல்லை. ‘51ஆவது’ என்பது அம்முடிவின் பெயரன்று. கேட்ட நொடியில் அது நின்ற இடம் மட்டுமே. எனவே இங்கு ஏடு உதிர்ந்தாலும் இடைவெளி தெரிவதில்லை.

இக்குறையை நீக்கக் கணினியாளர் கண்ட வழி ‘கர்சர்’ ஆகும். எத்தனையைக் கடக்க வேண்டும் என்று கூறாமல், எந்தப் பதிவுக்குப் பின் தொடர வேண்டும் என்பதை அது நினைவில் வைக்கிறது. ஆய்விதழ்க் கட்டுரைகளின் விவரங்களைத் தரும் கிராஸ்ரெஃப் இடைமுகத்தில் ஆஃப்செட் முறையில் 10,000 வரையே செல்லலாம். அதற்கப்பால் கர்சர் வேண்டும். பழந்தமிழ் நூல்களின் மின்படிகள் பலவற்றைக் கொண்ட இன்டர்நெட் ஆர்க்கைவும் 10,000க்கு மேற்பட்ட முடிவுகளுக்குக் கர்சர் வழியொன்றைத் தனியே வைத்துள்ளது. மீடியாவிக்கியின் தேடலிலும் 10,000 என்னும் எல்லை உண்டு. அதைக் கடக்கக் கர்சர் இல்லை. ‘என’, ‘அது’ போன்ற மிகுவழக்குச் சொற்களை இவ்வழியில் எண்ணத் தொடங்குவோர் தேடலின் எல்லையை மொழியின் எல்லையாகக் கொண்டுவிடுவர்.

தேடல் இடைமுகம் கண்டறிவதற்கு உரியது, எண்ணுவதற்கு உரியதன்று. பயில்வெண்ணும் இன்மையும் கூற விழையும் ஆய்வு, விக்கிமீடியா நிறுவனம் குறித்த கால இடைவெளியில் வெளியிடும் முழுத் தரவுக்கோப்பைப் பதிவிறக்கி எண்ணுவதே முறை. கோப்புக்கு நாள் உண்டு. பிறரும் அதே கோப்பை எடுத்துச் சரிபார்க்கலாம். கோப்பு பெரிது, கையாளக் கடினம் என்பார் கூற்றில் உண்மை உண்டு. ஆனால் ஒரு சொல் சங்க இலக்கியத்தில் இல்லை எனத் துணிவதற்குமுன் அனைத்து நூல்களையும் புரட்டிய தலைமுறைக்கு இருந்த கடினத்தைவிட இது பெரிதன்று.

தேடலையே நாடவேண்டிய நிலையில், முடிவுகள் 500க்கு உட்பட்டவையாயின் ஒரே வேண்டுகையில் அனைத்தையும் பெற்றுவிடலாம். அங்குச் சிக்கலே எழாது. மிகுமாயின், பொருத்தப்பாட்டு வரிசையைத் தவிர்த்து, பக்கம் உருவாக்கப்பட்ட கால ஏறுவரிசையைக் கேட்க இடைமுகத்தில் வசதி உண்டு. அதன்படி புதியன இறுதியில் சேரும். இடைத்திருத்தம் வரிசையைக் குலைக்காது. நீக்கத்தால் நேரும் இழப்பை இருமுறை திரட்டி ஒப்பிட்டே காண வேண்டும். ஒப்பீட்டுக்குத் தலைப்பு போதாது, அது மாற்றப்படலாம்; மீடியாவிக்கி ஒவ்வொரு பக்கத்துக்கும் வழங்கும் அடையாள எண்ணே துணை.

இவையெல்லாம் கட்டுரையில் இடம்பெறுதல் வேண்டும் என்பதே வற்புறுத்தற்குரியது. பயன்படுத்திய சுவடிகள் எவை, எந்த ஏடு சிதைந்தது என்று பதிப்பாசிரியர் முன்னுரையில் எழுதியதுபோல, தேடுதொடர், பெயர்வெளி, வரிசைமுறை, ஒரு வேண்டுகைக்குக் கேட்ட அளவு, திரட்டல் தொடங்கி முடிந்த நேரம், முதல் விடையும் இறுதி விடையும் காட்டிய மொத்தம் ஆகியன நான்கு வரிகளில் அடங்கும். கருத்துரைஞர்கள் மேற்கோள் நூலின் பதிப்பாண்டைக் கேட்பதுபோல இவற்றையும் கேட்கலாம். இவையின்றி ‘இணையத் தரவில் இச்சொல் காணப்படவில்லை’ என முடியும் கட்டுரையை, அவ்வொரு வரி நீக்கப்படும்வரை திருத்தத்துக்கு அனுப்புவது இதழுக்கும் கட்டுரையாளருக்கும் நன்மை தரும்.