கோவில்பட்டியில் ராஸ்பெர்ரியா? இலந்தைக்கு என்ன குறைச்சல்?

யூடியூபில் ஒரு வெள்ளைக்காரப் பாட்டி, குளிர்காலம் முடியும்போது ராஸ்பெர்ரிச் செடிகளைத் தரையோடு தரையாக வெட்டித் தள்ளுகிறார். அதே வருஷம் இலையுதிர் காலத்தில் கூடை நிறையச் சிவப்புப் பழம் பறிக்கிறார். பார்த்ததும் கோவில்பட்டிக்காரருக்குக் கை துறுதுறுக்கிறது. ஆன்லைனில் நாற்று ஆர்டர் போட்டாச்சு. சித்திரையில் செடி கருகியாச்சு. அடுத்து என்ன? ப்ளூபெர்ரி!

இந்தக் கூத்துக்கு ஒரு முடிவு வேண்டாமா?

ராஸ்பெர்ரி மேல் யாருக்கும் கோபம் இல்லை. அது நல்ல பழம்தான், அதன் ஊரில். சாதாரண ராஸ்பெர்ரியில் தண்டு ஒரு வருஷம் வளர்ந்து அடுத்த வருஷம்தான் காய்க்கும். இலையுதிர் கால வகை அப்படியில்லை. 1969-இல் நியூயார்க்கில் வெளியிடப்பட்ட 'ஹெரிடேஜ்' போன்றவை அந்த வருஷம் முளைத்த தண்டிலேயே காய்த்துவிடும். அதனால்தான் பாட்டி பழைய தண்டு ஒன்றுவிடாமல் தைரியமாக வெட்டுகிறார். இதில் மந்திரம் எதுவும் இல்லை.

ஆனால் அந்தச் செடிக்குக் குளிர்ச்சி வேண்டும். கொஞ்சம் அமிலத்தன்மையுள்ள, தண்ணீர் தேங்காத மண் வேண்டும். நம்ம கரிசல் எப்படி? ஐப்பசி மழையில் களி. பங்குனியில் கை நுழையும் அளவுக்கு வெடிப்பு. போதாததற்குச் சுண்ணாம்பும் காரமும். அந்த மண்ணில் இரும்புச் சத்து இருந்தும் ராஸ்பெர்ரி வேரால் எடுக்க முடியாது, இலை மஞ்சளாகிவிடும். ராஸ்பெர்ரியின் காட்டுச் சொந்தக்காரர்கள் தமிழ்நாட்டிலும் உண்டு. எங்கே? நீலகிரி, கொடைக்கானல் மலைகளில்! கரிசக்காட்டுக்கு அவை ஏன் இறங்கி வரவில்லை என்று ஒரு நிமிஷம் யோசித்தால் நாற்றுக் காசு மிச்சம்.

"தொட்டியில் வேற மண் போட்டு வைக்கலாமே?" வைக்கலாம். மண்ணை மாற்றிவிடலாம் சார், கத்திரி வெயிலை எந்தத் தொட்டியில் போட்டு மாற்றுவது?

இப்போது விஷயத்துக்கு வருவோம். பாட்டி செய்த அதே வேலையைக் கரிசலில் செய்து காட்டும் பழம் ஒன்று இருக்கிறது. அதுதான் இலந்தை.

இலந்தையும் அந்த வருஷம் துளிர்த்த புதுக் கிளையில்தான் பூத்துக் காய்க்கும். பழம் முடிந்ததும் கிளைகளை நன்றாக வெட்டிவிட வேண்டும். வெட்டாத மரத்தில் பழம் சிறுத்துப்போகும். ஒரே ஒரு வித்தியாசம். ராஸ்பெர்ரி பனியில் தூங்கும், இலந்தை வெயிலில் தூங்கும். கோடை உச்சத்தில் இலையை உதிர்த்துவிட்டுச் சும்மா நிற்கும். தண்ணீர் கேட்காது. ஆணிவேர் ஆழத்தில் இருக்கும் ஈரத்தைத் தேடிப் போகும். கார மண்ணையும் தாங்கும். இந்த ஊருக்கென்றே அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி!

இதுவும் வெறும் காட்டு முள் இல்லை. உம்ரான், கோலா, பனாரஸி, கைத்தலி என்று ஒட்டு ரகங்கள் இருக்கின்றன. 1959-இல் ஜோத்பூரில் அமைந்த மத்திய வறண்ட மண்டல ஆராய்ச்சி நிறுவனம் இலந்தையைப் பெரிய பயிராக மதித்து ஆராய்ந்திருக்கிறது. பாலைவனத்துக்காரனுக்கு அதன் அருமை தெரிகிறது. 1901-இலேயே வேளாண் ஆராய்ச்சி நிலையம் வந்த கோவில்பட்டியில், வீட்டுத் தோட்டம் போடுகிறவருக்கு அது கண்ணில் படவில்லை.

ஏன்? "முள் குத்தும்" என்பார்கள். ராஸ்பெர்ரியிலும்தான் முள் இருக்கிறது. அது ஃபாரின் முள் என்பதால் வலிக்காதோ? "புழு வைக்கும்" என்பார்கள். இது நியாயமான குறை. பழ ஈ இலந்தையின் பெரிய எதிரி. உதிர்ந்த புழுப் பழங்களை உடனுக்குடன் பொறுக்கி அழிக்க வேண்டும். கூட்டுப்புழு மண்ணுக்குள் இருப்பதால் கோடையில் மரத்தடியைக் கொத்திவிட வேண்டும். செத்துப்போகும் ராஸ்பெர்ரிக்குத் தினமும் தண்ணீர் தெளிப்பதைவிட இது ஒன்றும் பெரிய பாடு இல்லை.

உண்மைக் காரணம் வேறு. இலந்தை மலிவு. பள்ளிக்கூட வாசலில் உப்பு மிளகாய்ப்பொடியோடு கூறு போட்டு விற்ற பழம். பெட்டிக்கடையில் இலந்தை வடையாகத் தொங்குகிற பழம். வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் "எங்க வீட்டு ராஸ்பெர்ரி" என்று சொன்னால் கெத்து. "எங்க வீட்டு இலந்தை" என்றால் சிரிப்பார்களாம்! வைட்டமின் சி-யில் ஆப்பிளைப் பல மடங்கு மிஞ்சுகிற பழத்துக்கு இந்த மரியாதை. இடைசெவல் கி.ரா. எழுதிய கரிசல் மொழி என்றால் மேடையில் கை தட்டுகிறவர்கள், கரிசல் பழம் என்றால் மூக்கைச் சுளிக்கிறார்கள்.

காமர்ஸ் பாடத்தில் வாய்ப்புச் செலவு என்று ஒன்று வரும். ஒன்றைத் தேர்ந்தெடுத்ததால் எதை இழந்தோமோ, அதுதான் உண்மையான விலை. ராஸ்பெர்ரியின் விலை நாற்றுக்குக் கொடுத்த பணம் மட்டும் இல்லை. அந்த மூன்று வருஷத்தில் காய்க்கத் தொடங்கியிருக்க வேண்டிய ஒரு இலந்தை மரமும் சேர்த்துத்தான். அதைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று உண்டு. நாலு செடி கருகியதும் "இந்த ஊர் மண்ணில் எதுவும் விளங்காது" என்று அந்த வீட்டுப் பிள்ளை முடிவு கட்டிவிடும். தப்பு செய்தது செடியைத் தேர்ந்தெடுத்தவர். பழி சுமப்பது மண்!

செய்ய வேண்டியது ரொம்ப எளிது. மழைக்கு முன்னால் ஆள் நடக்கும் பாதையைவிட்டுத் தள்ளி ஒரு குழி, மக்கிய எரு, ஒரு ஒட்டுக்கன்று. மழை தொடங்கியதும் நடவு. ஒட்டுக்குக் கீழே வரும் துளிரை மட்டும் கிள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். விட்டால் காட்டு இலந்தை மேலே வந்துவிடும். முதல் கோடையில் கொஞ்சம் தண்ணீர், நிழல். பிறகு வருஷா வருஷம் பழம் முடிந்ததும் வெட்டு.

வெட்டும்போது பாட்டி மாதிரி வீடியோ எடுத்துப் போட்டாலும் சரிதான். பார்த்துவிட்டு நியூயார்க்கில் எவனாவது இலந்தை நாற்றுக்கு ஆர்டர் போட்டு ஏமாறட்டும் :-)