அந்த வாட்ஸ்அப் செய்திக்கு என் பதில்

அன்பு மாணவர்களே, சொந்தங்களே,

"பூமி அந்தக் காலத்திலும் சூடாகத்தான் இருந்தது, இப்போது மட்டும் என்ன புதுசா?" என்று ஒரு செய்தி நம் குழுக்களில் சுற்றுகிறது. உங்களில் சிலர் கைதட்டியும் இருக்கிறீர்கள். வாத்தியாரால் சும்மா இருக்க முடியவில்லை.

சூடாக இருந்தது உண்மைதான். அது எப்படித் தெரிந்தது? ஏரிச் சேற்றிலிருந்து! சைபீரியாவின் வடகிழக்கில், ஆர்க்டிக் வட்டத்துக்குள் எல்கிகிட்கின் ஏரி இருக்கிறது. சுமார் 36 லட்சம் ஆண்டுகளுக்கு முன் விண்கல் விழுந்து உண்டான பள்ளம். 2009இல் அதன் அடியைத் துளைத்துச் சேற்றை எடுத்தார்கள். மகரந்தத்தின் மேலோடு லேசில் மக்காது. வடிவத்தை வைத்து எந்த வகை மரம் என்று சொல்லிவிடலாம். இன்று மரமே இல்லாத அந்த இடத்தில் அன்று பைன், ஸ்புரூஸ், லார்ச் காடு. கோடை இன்றைவிடச் சுமார் 8 டிகிரி அதிகம்.

அப்போது காற்றில் கரியமில வாயு பத்து லட்சத்தில் ஏறத்தாழ 400 பங்கு. 1960இல் 317ஆக இருந்ததை நாம் இன்று 420க்கு மேல் ஏற்றிவிட்டோம். ஒரே ஆயுட்காலத்தில்!

ஆக, நீங்கள் ஆறுதலுக்கு அழைத்த சாட்சியே உங்களுக்கு எதிராகப் பேசுகிறது. மறுப்பு இருந்தால் எழுதுங்கள், படிக்கிறேன். கைதட்டும் பொம்மை மட்டும் அனுப்பாதீர்கள்.