இணையக் கடையடைப்பு

கடை திறப்பாரை வாழ்த்துவார் பலர். அடைப்பார்க்கு வழி கூறுவார் அரியர். 2006-இல் கனடா நாட்டில் தோன்றிய ஷாப்பிஃபை போன்ற வாடகைத் தளங்களிற் கடை வைத்தோர் சிலர், இழப்பு மிக்கவழி, ஒரு பொத்தானை அழுத்தி அகன்றுவிடலாமென எண்ணுகின்றனர். அஃது அடாதென்பதே எம் கருத்து. பணம் பெற்றும் அனுப்பப்படாத பண்டங்கள் உளவோ? விற்றுச் செலவாகாத பரிசுச் சீட்டுகள் உளவோ? பரிசுச் சீட்டென்பது கடைக்காரர் கையிலுள்ள பிறர் பணமன்றோ! அவற்றைத் தீர்த்த பின்னரே பூட்டுதல் முறை. கணக்குகளையும் முன்னரே பதிவிறக்கிக் கொள்க. மீண்டும் வாடகை செலுத்தினாலன்றி உள்ளே புகுதல் இயலாது.

தளமுடையார் தாமே கடை கட்டுவதும் உண்டு. அமேசான் வெப்ஸ்டோர் 2016 ஜூலையில் மூடப்பட்டபோது வணிகரெல்லாம் வேறிடம் தேட நேர்ந்தது. ஆயினும் அவர்க்கு ஓராண்டுக்கு மேல் முன்னறிவிப்புக் கிடைத்தது. தம்மிடம் வாங்கினோர்க்கு ஒரு திங்கள் முன்னறிவித்தல் வணிகர்க்கு அத்துணை அரிதோ?