நாடி பிடித்தால் போதுமா?

"என்னப்பா சொல்றாங்க?"

என்னைப் பெற்றவள் என்னிடம் கேட்ட கேள்வி அது. பெரியதொரு மருத்துவமனையின் நீண்ட வார்டிலே, துருப்பிடித்த இரும்புக் கட்டிலிலே அவள் படுத்திருந்தாள். கட்டிலைச் சூழ்ந்து நின்றனர் வெள்ளைக் கோட்டு அணிந்த எண்மர். மூத்தவர் வினவ, இளையவர் விடை பகர, மற்றையோர் ஏட்டிலே குறிக்க, நடந்ததனைத்தும் ஆங்கிலத்திலே! வயிற்றைத் தொட்டனர், தட்டினர், அழுத்தினர். அவள் முகத்தை ஏறிட்டுப் பார்த்தவர் ஒருவரேனும் இல்லை. எண்மரும் தமிழர், தோழர்களே! சற்று முன்னர்தான் வாயிலிலே தேநீர் அருந்தியபடி, திரைப்படம் பற்றித் தித்திக்கும் தமிழிலே பேசிச் சிரித்தவர்கள். கட்டிலருகே வந்ததும் அந்தத் தமிழ் எங்கே சென்று ஒளிந்ததோ!

நான் அப்போது கல்லூரியிலே இரண்டாம் ஆண்டு. எனக்கிருந்த அரைகுறை ஆங்கிலத்திலே 'மாலிக்னன்சி' என்ற ஒரு சொல் மட்டும் காதிலே விழுந்தது. புற்று! அறிய வேண்டியவள் என் முகத்தைப் பார்க்கிறாள். அறிந்தவன் நானோ சுவரைப் பார்க்கிறேன். "ஒண்ணுமில்லேம்மா, மருந்து மாத்துறாங்க" என்றேன். மேடைதோறும் முழங்குகிற இந்த நா, அன்று பெற்றவளிடம் பொய்யுரைத்தது. அவள் போனாள். நானும் கல்லூரிப் பக்கம் திரும்பவில்லை.

அந்த எண்மரைத் தூற்றவா இதை எழுதுகிறேன்? இல்லை. அவர்கள் கொடியவரல்லர், அவர்களுக்கு எவரும் அதைக் கற்பிக்கவில்லை! எலும்பு 206 என்று எண்ணக் கற்பித்தனர். நரம்பு ஒவ்வொன்றுக்கும் பெயர் சொல்லக் கற்பித்தனர். நோயாளியிடம் வாயசையாத பிணத்தைக் கொண்டு முதற்பாடம் துவக்கினர். உயிருள்ள மனிதன் வாய் திறந்து பேசினால் எப்படிக் கேட்பது, அவனுக்கு எப்படிச் சொல்வது என்பதைப் 'பழகினால் தானாக வரும்' என்று விட்டுவிட்டனர்.

தானாக வருமாம்! நான் நாடகக்காரன். இரண்டு வரி வசனத்திற்கு இருபது நாள் ஒத்திகை பார்க்கிறவன். அரங்கிலே மூர்ச்சையாகி விழும் நடிகனுக்குக்கூட எப்படி விழுவதென்று கற்றுத் தருகிறோம். "உன் மகனைக் காப்பாற்ற இயலவில்லை, தாயே" என்ற சொல்லை ஓர் உண்மைத் தாயிடம் சொல்லப்போகிற இருபத்து மூன்று வயது இளைஞனுக்கு மட்டும் ஒத்திகை வேண்டாமா?

"பேச்சு எதற்கு? நோயைக் கண்டுபிடிக்கக் கருவிகள் இருக்கின்றன" என்பர் சில மேதாவிகள். இங்கிலாந்திலே 1975இல் மருத்துவர்களே இதைச் சோதித்துப் பார்த்தனர். புதிதாக வந்த 80 புறநோயாளிகள். அவர்களுள் 66 பேருக்கு, அனுப்பி வைத்த மருத்துவரின் மடலைப் படித்து, நோயாளி சொன்ன வரலாற்றைக் கேட்ட அளவிலேயே, இன்ன நோய் என்பது சரியாகப் புலப்பட்டுவிட்டது. உடலைத் தொட்டுப் பார்த்தபின் கருத்து மாறியது 7 பேருக்கு. ஆய்வுக்கூடம் மாற்றியது இன்னுமொரு 7 பேருக்கு. நோயாளியின் நாவுதான் முதற்கருவி. காசு கேட்காத கருவி! அந்தக் கருவியை நாம் எப்படிக் கையாளுகிறோம்? அமெரிக்காவிலே 1984இல் வெளியான ஆய்வொன்று, 74 சந்திப்புகளைப் பதிவுசெய்து கேட்டது. நோயாளி வாய் திறந்து சராசரி 18 விநாடிகளில் மருத்துவர் குறுக்கிட்டுவிட்டார். தன் குறையைத் தொடங்கி முடிக்கும் வரை பேச விடப்பட்டவர் நூற்றுக்கு 23 பேரே. சீமான்களின் நாட்டிலே இந்தக் கதியென்றால், சீட்டுக்கு வரிசையில் நிற்கும் நம் சின்னானுக்கு எத்தனை விநாடி கிடைக்கும்?

அப்படிக் கிடைக்கும் அந்தச் சில விநாடிகளிலும் அவன் சொல்வது புரிகிறதா? தமிழன் வலிக்கு வைத்திருக்கும் சொற்களைப் பாருங்கள்! குத்தல், குடைச்சல், உளைச்சல், கடுப்பு, எரிச்சல், இழுப்பு, பிசைவு, 'விண்விண்' என்று தெறிப்பு, 'சுருக்'கென்ற வலி. ஒவ்வொன்றும் வேறு, ஒவ்வொன்றும் ஒரு குறிப்பு. வயலிலே உழைத்துக் களைத்த கிழவர் மார்பைத் தடவியபடி, "வாயுப் பிடிச்சிருக்குங்க, நெஞ்சு கரிக்குது" என்கிறார். ஆங்கில நூலிலே மார்வலியைப் படித்தவன், 'வாயு' என்ற சொல்லைக் கேட்டதும் செரிமான மாத்திரையை நீட்டி அனுப்பிவிட்டால்? அது மாரடைப்பாக இருந்தால்? "எப்போது தொடங்கிற்று, பெரியவரே? நடந்தால் கூடுகிறதா? இடது கைக்கு இறங்குகிறதா? வியர்த்ததா?" என்று அவர் மொழியிலே நாலு கேள்வி கேட்டிருந்தால், கிழவர் பிழைத்திருப்பார். தமிழ் இங்கே அலங்காரமன்று, தோழர்களே, உயிர்!

"கூட்டம் அலைமோதுகிறதே, பேச நேரமேது?" என்பது அடுத்த வாதம். கூட்டம் மெய்தான், மறுக்கவில்லை. 2017இல் 67 நாடுகளின் கணக்கைத் திரட்டிய ஆய்வு, வங்காளதேசத்தில் ஒரு நோயாளிக்கு 48 விநாடி, சுவீடனில் இருபத்திரண்டரை நிமிடம், இந்தியாவில் ஏறத்தாழ 2 நிமிடம் என்றது. மருத்துவரைப் பெருக்குவது ஆள்வோர் கடமை; அதை விடாது கேட்போம். ஆனால், நேரமில்லை என்று விழுங்கிய ஒரு நிமிடம் என்ன செய்கிறது? காசநோய்க்காரன் ஒருவன். ஆறு திங்கள் மாத்திரை. இரண்டாம் திங்களே இருமல் நிற்கிறது, பசி எடுக்கிறது. நோய் போயிற்றென்று அவன் நிறுத்திவிடுகிறான். "நன்றாக இருப்பது போலத் தோன்றும், அப்போதும் விடாதே, விட்டால் அதே மருந்து மீண்டும் கேட்காது" என்று முதல் நாளே எவரும் அவனுக்கு விளங்கச் சொல்லவில்லை! மருந்துக்கு அடங்காத கிருமியோடு அவன் திரும்பி வருகிறான். வீட்டிலே பிள்ளைகளுக்கும் அதைத் தந்துவிட்டு வருகிறான். ஒரு நிமிடம் மிச்சம். ஒரு குடும்பம் நட்டம். சொல்லிவிட்டு, "நான் சொன்னதை நீங்கள் ஒருமுறை சொல்லுங்கள் பார்ப்போம்" என்று கேட்பதற்கு எத்தனை நேரம் பிடிக்கும்?

கற்பிக்கவே முடியாத கலையா இது? 1963இலேயே அமெரிக்காவின் தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் ஹோவார்ட் பாரோஸ் என்னும் நரம்பியல் மருத்துவர், நோயாளியாக நடிக்க ஆளைப் பயிற்றுவித்து மாணவர் முன் உட்கார வைத்தார். மாணவன் கேட்பான், நடிப்பவர் சொல்வார், ஆசிரியர் பார்ப்பார். முடிந்தபின், "நீ என் கண்ணைப் பார்க்கவில்லை, நான் அழுதபோது நீ கடிகாரத்தைப் பார்த்தாய்" என்று நோயாளியாக இருந்தவரே எடுத்துரைக்கலாம். நாடகம்! எம் தொழில்! நலிந்து கிடக்கும் நாடகக் கலைஞர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். அழைத்துப் பாருங்கள், எந்த நோயையும் நடித்துக் காட்டுவார்கள். (கூலி மட்டும் நாளைக்கு என்று இழுத்தடிக்காதீர்கள்.)

நம் நாட்டிலும் விழிப்பு வராமலில்லை. இந்திய மருத்துவக் கவுன்சில், தான் கலைக்கப்படுவதற்கு முன், மனப்பாங்கு, அறநெறி, பேச்சுத்தொடர்பு ஆகிய மூன்றையும் இணைத்த பாடக் கையேட்டை 2018இல் வெளியிட்டது. 2019இல் சேர்ந்த மாணவர் முதல் அது கட்டாயம். மருத்துவராக இருப்பதென்றால் என்ன, நோயாளியாக இருப்பதென்றால் என்ன என்ற கேள்விகளோடு தொடங்கும் நல்ல பாடம். வட்டார மொழி கற்கவும் துவக்கக் காலத்திலே இடமுண்டு. நல்லது செய்தவரை நல்லது செய்தார் என்போம்.

ஆயின், ஆங்கிலத்திலே வகுப்பெடுத்து, ஆங்கிலத்திலே கட்டுரை எழுதி, 'நோயாளியிடம் கனிவாகப் பேச வேண்டும்' என்று ஆங்கிலத்திலே விடை தந்து மதிப்பெண் வாங்குகிறான் மாணவன். மறுநாள் வார்டிலே தமிழ்க் கிழவியின் முன் ஊமையாகிறான்! நீச்சலைக் கரும்பலகையிலே கற்பிக்கும் வேடிக்கையன்றோ இது? நுழைவுத் தேர்வுக்கு 720 மதிப்பெண். அதிலே மனிதனிடம் மனிதன் பேசுவதற்கு ஒரு மதிப்பெண் உண்டா? மேற்படிப்பு இடங்களிலே பாதி அனைத்திந்திய ஒதுக்கீடு. வடபுலத்திலிருந்து வருகிற இளைஞன் தமிழறியான். அவன் மீது குற்றமில்லை. அவனுக்குத் தமிழ் கற்றுத் தராமல் நோயாளியின் முன் நிறுத்துகிறவர் மீதே குற்றம்.

தமிழிலே மருத்துவம் பேச முடியாதென்று எவரேனும் சொன்னால், யாழ்ப்பாணத்தைச் சுட்டுங்கள். சாமுவேல் பிஸ்க் கிறீன் என்ற அமெரிக்கர் 1847இல் அங்கு வந்தார். மதம் பரப்ப வந்தவர். அது வேறு பேச்சு. ஆனால் தமிழ் கற்றார். மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். மானிப்பாயிலே, 1860களில், தமிழ் மாணவருக்குத் தமிழிலேயே மருத்துவம் பயிற்றினார். மாசாசூசெட்சிலே பிறந்தவருக்கு நோயாளியின் மொழி தேவைப்பட்டது. மாயவரத்திலே பிறந்தவருக்குத் தேவைப்படவில்லையாம்!

இதைக் கருணை என்று எண்ணி விடாதீர்கள். உரிமை! 1995இல் டில்லியில், 44 வயதுப் பெண்ணொருவர் கருவியால் வயிற்றுள் பார்க்கும் சோதனைக்கு ஒப்பினார். மயக்கத்திலே கிடந்தபோது, வெளியே காத்திருந்த அவருடைய தாயிடம் ஒப்புதல் பெற்று, கருப்பையையும் சினைப்பைகளையும் அகற்றிவிட்டனர். வழக்கு உச்சநீதிமன்றம் சென்றது. உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாதபோது, வயது வந்தவரின் உடல் குறித்துத் தாயும் ஒப்புதல் தர இயலாது. சோதனைக்குத் தந்த ஒப்புதல் சிகிச்சைக்கு ஒப்புதலாகாது. போதிய விவரம் சொல்லிப் பெறுவதே ஒப்புதல் என்று 2008இல் தீர்ப்பாயிற்று. இழப்பீடு 25,000 ரூபாய்தான். ஆனால் தீர்ப்பு பெரிது. அந்தத் தீர்ப்பிருக்கும் நாட்டிலேதான், "இங்கே ஒரு கையெழுத்துப் போடு" என்று ஆங்கிலத் தாளை நீட்டி, மைதடவிய கட்டைவிரலை அழுத்தி வாங்குகிறார்கள்!

எனவே நாம் கேட்பது இவை. மருத்துவக் கல்லூரிகளிலே பேச்சுப் பயிற்சி தமிழில் நடக்கட்டும். இறுதித் தேர்விலே, தாளில் அல்ல, தமிழ் பேசும் ஒரு மனிதர் முன் மாணவன் உட்கார்ந்து தேறட்டும். தேறினானா என்பதிலே அந்த மனிதருக்கும் ஒரு வாக்கு இருக்கட்டும். வெளிமாநிலத்தார்க்கு வார்டுக்குள் நுழையுமுன் தமிழ் வகுப்பு. ஒப்புதல் தாள் ஒவ்வொன்றும் தமிழில்.

அது வரும் வரை, தோழர்களே, உங்கள் ஊரிலிருந்து நோயாளியை அழைத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போகிறவர் நீங்கள்தானே! கத்திக் கலகம் செய்யாதீர்கள். அந்த இளம் மருத்துவர் இரவெல்லாம் கண் விழித்தவராக இருப்பார். தாளை நீட்டினால், "இதைத் தமிழிலே எங்கள் அம்மாவுக்குச் சொல்லுங்கள் அய்யா, பிறகு அவர்களே கையெழுத்துப் போடுவார்கள்" என்று பணிவாகக் கேளுங்கள். சொல்லி முடிக்கும் வரை கட்டிலருகே நில்லுங்கள்.