சிரிப்பு வாயுவுக்கு ஏன் இந்த நற்சான்று?

பிரிட்டனிலும் நெதர்லாந்திலும் இளைஞர் விருந்துகளில் ஒரு நம்பிக்கை வேரூன்றியிருக்கிறது: பலூனில் அடைத்து உறிஞ்சும் சிரிப்பு வாயு, அதாவது நைட்ரஸ் ஆக்ஸைடு, ஓரிரு நிமிடம் கிறுகிறுப்பு தரும், பிறகு உடலில் எதுவும் மிஞ்சாது. வாயு சீக்கிரம் வெளியேறிவிடுவது உண்மைதான். அது செய்த கேடு வெளியேறுவதில்லை. வைட்டமின் பி12-இன் நடுவிலுள்ள கோபால்ட் அணுவை ஆக்ஸிஜனேற்றம் செய்து, அந்த வைட்டமினையே அது முடக்கிவிடுகிறது. நரம்பைப் போர்த்தியிருக்கும் மயலின் உறை கெடாமலிருக்க பி12 வேண்டும். அது தொடர்ந்து முடங்கினால் தண்டுவடத்தின் பின்பகுதியில் உறை சிதைகிறது. கால்விரல்களில் தொடங்கும் மதமதப்பு மெல்ல மேலேறும்; பாதம் தரையில் பதிந்திருப்பதே தெரியாது. கால்களைச் சேர்த்து, கண்ணை மூடி நிற்கச் சொன்னால் ஆள் தள்ளாடுவார்.

பல் மருத்துவரே கொடுக்கிறாரே என்பார்கள். அவர் தாராளமாக ஆக்ஸிஜன் கலந்து, சிகிச்சை முடியும்வரை மட்டும் கொடுக்கிறார். பலூனில் இருப்பதோ கலப்பில்லாத வாயு, அதுவும் இரவு முழுக்க, வாரக்கணக்கில். பல் மருத்துவர்களும் இதற்குத் தப்பவில்லை. 1978-இல் ராபர்ட் லேசர் ‘லான்செட்’ இதழில் விவரித்த 15 நரம்பு நோயாளிகளில் 14 பேர் பல் மருத்துவர்கள். அவர்களில் பெரும்பாலோர் வாயுவைத் தாங்களே போதைக்காக உறிஞ்சியவர்கள்.

பி12 மாத்திரை போட்டுக்கொண்டால் போதும் என்பது அடுத்த சமாதானம். உறிஞ்சுவது நிற்காதவரை புதிதாக வரும் பி12-உம் முடங்கும். இரத்தத்தில் பி12 அளவு சரியாக இருப்பதாகச் சோதனை காட்டலாம். அது உடலுக்குப் பயன்படுகிறதா என்பதை அந்த எண் சொல்லாது. அதனால்தான், பி12 வேலை செய்யாதபோது இரத்தத்தில் கூடும் ஹோமோசிஸ்டீனையும் மருத்துவர்கள் பார்க்கிறார்கள். ஏற்கெனவே பி12 குறைவாக உள்ளவர்களுக்கு, குறிப்பாக இறைச்சி, முட்டை, பால் எதுவும் சேர்க்காதவர்களுக்கு, ஆபத்து இன்னும் அதிகம்.

எல்லோருக்குமா வருகிறது என்ற கேள்வியில் நியாயம் உண்டு. எப்போதோ ஒருமுறை உறிஞ்சியவர்களில் பலருக்கு ஒன்றும் ஆவதில்லை. ஆனால் 8 கிராம் குப்பியின் இடத்தில் 600 கிராமுக்கு மேற்பட்ட உருளைகள் வந்துவிட்டன. அந்தப் பழைய அனுபவம் இந்த அளவுக்குச் சான்றாகாது. 2023-இல் இரு நாடுகளும் தடை கொண்டுவந்தன. தண்டனைக்குப் பயந்து நோயாளிகள் உண்மையை மறைப்பார்கள் என்ற கவலையும் நியாயமானதே. ஆனால் சட்டம் எப்படி இருந்தாலும், ‘ஆபத்தில்லாதது’ என்ற பேச்சே தீங்கு செய்கிறது. உறிஞ்சுவதை நிறுத்தி, உடனே பி12 ஊசி போட்டால் பெரும்பாலோர் தேறுகிறார்கள். தாமதித்தால் நடை பழையபடி திரும்பாமலே போகலாம். கால் மரத்தவர் பலூனைப் பற்றி மருத்துவரிடம் சொல்லாமல் விடுவது, அதற்கும் இதற்கும் தொடர்பில்லை என்று நம்புவதாலும்தான். அந்த நம்பிக்கையைப் பரப்புகிறவர்கள் அவருடைய சிகிச்சையைத் தள்ளிப்போடுகிறார்கள்.